கை மாறிப் போச்சு

என் படுக்கையறையை ஸ்டுடியோவாக மாற்றி முடித்த அன்று, முதல் ஆளாக மாடி வீட்டு மைக் அக்காவைத்தான் கூப்பிட்டுக் காட்டினேன். கூப்பிட்டேன் என்பதைவிடக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன் என்பதுதான் சரி. வட்ட விளக்கு பளிச்சென்று எரிந்தது. துணி வெட்டுகிற மேஜை மேல் வெள்ளை விரிப்பு. அதற்கு நேர் மேலே, ஃபேன் இருந்த இடத்தில், போன் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா வாசற்படியில் நின்றபடியே ஒரு சுற்றுப் பார்த்தார். “நல்லாதான் இருக்குது” என்றார். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு முகம் தொங்கிப்போனது. மூன்று வாரம் மாடாய் உழைத்ததற்கு இவ்வளவுதானா என்று ஆற்றாமையாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து என் வீட்டுக்காரரின் போனில் அவரே கூப்பிட்டார்.

“டெய்லரம்மா, இப்ப லைவ் போடு. நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்.”

“அங்க எதுக்குக்கா போனீங்க? இங்கயே உக்காந்து பாக்கலாமில்ல?”

“உன் ரூமுக்குள்ள உக்காந்துகினு யாரு பாக்கப் போறா? பாக்கறவ இந்த மாதிரி எங்கனா வெயில்லதான் நின்னுகினு இருப்பா. போடு போடு, பஸ்ஸு வந்துடும்.”

அதுதான் மைக் அக்கா. எதையும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்து நம்பவே மாட்டார். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. ரேஷன் அட்டையில் இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறந்த வீடு வைத்திக்குப்பம், மீன்பிடிக் குடும்பம். கல்யாணமாகி உழவர்கரைக்கு வந்தவர், எங்கள் தலைக்கு மேலே ஆறு வருஷம் குடியிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். நகரத்துக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று, கையில் மைக் பிடித்து, போகிறவர் வருகிறவர்களை உள்ளே கூப்பிடுவது அவர் வேலை. “வாங்கம்மா வாங்க, பாவாட சட்ட, பருத்திப் புடவ, பாத்துட்டுப் போங்கம்மா” என்று காலையில் ஆரம்பித்தால் கடை அடைக்கிற வரைக்கும் தொண்டை கட்டாது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே முதலாளியிடம் வசவு வாங்கியிருக்கிறார். பேசிக்கொண்டே இருந்தவர் மைக்கைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்து, “நான் சொன்னதையே நீ சொல்லு” என்றுவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைவரைக்கும் போய் நின்றுகொண்டாராம். வேலை நேரத்தில் ஊர் சுற்றுகிறாள் என்று முதலாளி குதித்திருக்கிறார். அக்கா நிதானமாகத் திரும்பி வந்து சொன்னாராம்: “மொதலாளி, அங்க நின்னு கேட்டா ‘பட்டுப் பாவாட’ன்னு சொல்றது ‘விட்டுப் போவாத’ன்னு கேக்குது. நாளைலேருந்து ‘பாவாட சட்ட’ன்னு சொல்றேன்.” முதலாளியும் ரோட்டைத் தாண்டிப் போய் நின்று கேட்டுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து கடை வாசலில் ‘பாவாட சட்ட’தான்.

வீட்டிலும் இதே கூத்துதான். பொங்கலுக்குக் கோலம் போட்டால், போட்டு முடித்த கையோடு எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பார்ப்பார். யாருக்காவது போனில் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டுமென்றால், முதலில் தனக்கே அனுப்பிக் கேட்பார். புதிதாக எடுத்த புடவையை என்னைக் கட்டச் சொல்லி, தெருமுனை வரைக்கும் நடக்கவிட்டு, தான் வாசலில் நின்று பார்த்து, அதன்பிறகுதான் வைத்துக்கொள்ளலாமா திருப்பிக் கொடுக்கலாமா என்று முடிவு செய்வார். இப்படி நான் நடந்து காட்டிய புடவைகளில் பாதி கடைக்கே திரும்பிப் போயிருக்கிறது. என் நடை சரியில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஜாக்கெட் தைக்கிறவள். தைப்பதைவிடச் சொல்லிக் கொடுப்பதில்தான் எனக்குக் கிறுக்கு. ஒருத்தி தன் கையாலேயே வெட்டித் தைத்த முதல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பி முதுகைப் பார்த்துக்கொள்வாள் பாருங்கள், அந்த முகத்துக்காக நான் சோறு தண்ணி இல்லாமல் உட்காருவேன். வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டவர்கள் ஒரே நேரத்தில் மூன்று பேர். அதற்கு மேல் உட்கார இடமில்லை. லைவில் சொல்லிக் கொடுத்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம், அங்கேயே சந்தேகம் கேட்கலாம், நான் அங்கேயே பதில் சொல்லலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஸ்டுடியோ என்றால் லேசா? எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறார். வீடு கொடுத்தபோது அவர் போட்ட ஒரே கண்டிஷன், சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. மாதம் ஒருமுறை வீடியோவில் கூப்பிட்டு நாலு சுவரையும் காட்டச் சொல்வார். ஆணி இல்லாமல் மேஜைக்கு மேலே போனை எப்படித் தொங்கவிடுவது? மேலே இருந்து பார்த்தால்தான் வெட்டுவது தெரியும். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர்தான் ஃபேனைக் கழற்றினார். அந்தக் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டி, குழாயின் அடியில் போன் பிடிக்கிற கிளிப்பை மாட்டினோம். போன் ஆடாமல் அசையாமல் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம். வியர்த்துக் கொட்டியது, அது வேறு விஷயம்.

அடுத்தது எதிரொலி. நான் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. கட்டிலைச் செங்குத்தாக நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து, அதன் மேல் பஞ்சு மெத்தையைக் கட்டினோம். என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். வேண்டாமென்று ஒதுக்கிய ஸ்பாஞ்சுத் தகடுகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தார். அதை பீரோ மேல், கதவு மேல், ஜன்னல் மேல் எல்லாம் சாத்தி வைத்தோம். பீரோக் கண்ணாடியில் விளக்கு அடித்துக் கண் கூசியது, அதற்கு ஒரு துண்டைப் போர்த்தினோம். படுப்பதற்கு ஹாலில் பாய் விரித்துக்கொண்டோம். “உனக்கு ஸ்டுடியோ வந்துச்சி, எனக்கு இடுப்பு வலி வந்துச்சி” என்று அவர் தினமும் சொல்வார். சொல்லிவிட்டு அந்த ஸ்பாஞ்சுத் தகட்டைத் தானே நேராக்கி வைப்பார்.

இத்தனையும் செய்தது நாங்கள். ஆனால் அந்த ஸ்டுடியோவை ஸ்டுடியோவாக்கியது, உள்ளே பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்காத மைக் அக்காதான். அன்று பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்தவர் அப்புறம் விடவில்லை. விரிசல் விட்ட ஒரு பழைய போனை வைத்திருந்தார். அவரிடம் நல்ல போனும் இருந்தது. என் லைவை மட்டும் அந்த உடைந்ததில்தான் பார்ப்பார். கேட்டால், “நல்ல போன்ல எல்லாந்தான் நல்லாத் தெரியும்” என்பார். கடைக்குப் போகிற பஸ்ஸில் பார்ப்பார், மீன் மார்க்கெட்டில் நின்று பார்ப்பார், லாஸ்பேட்டையில் அவர் நாத்தனார் வீட்டில் டவர் சரியாக எடுக்காத பின்கட்டுக்குப் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து வரிசையாக ஒப்பிப்பார்.

“கருப்புத் துணில நீல சாக்பீஸால கோடு போடற. எனக்கு ஒரு எழவும் தெரியல.”

“உன் வளையலு உன்னவிட ஜாஸ்தியா பேசுது. கயட்டி வை.”

“குனியறப்ப உன் தல வந்து மறைக்குது. நான் இன்னா உன் வகிடு எடுக்கவா கத்துக்கறேன்?”

ஒவ்வொன்றுக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒவ்வொன்றையும் அன்றே மாற்றுவேன். கோபம் தணிவதற்குள் படம் நன்றாக வந்துவிடும். அப்புறம் யார்மேல் கோபப்படுவது? நான் பேசுவது பார்க்கிறவர்களுக்கு அரை நிமிடம் கழித்துத்தான் போய்ச் சேருகிறது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். லைவ் ஓடும்போது போன் கால் வந்தால் எல்லாம் நின்றுபோகிறது என்பதையும் அவர்தான் வேண்டுமென்றே கூப்பிட்டுக் கண்டுபிடித்தார். அதிலிருந்து லைவ் நேரத்தில் கால் எதுவும் வராதபடி அடைத்து வைத்துவிடுவேன். இதில் வேடிக்கை, அவருக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. “இன்னாத்துக்கு நான் கத்துக்கணும்? நீதான் இருக்கியே” என்பார்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எதனா மாத்துனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

மாசி மகம் நெருங்கியது. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருகிற நாள். அக்காவின் பிறந்த ஊரில் இருபத்திரண்டு பெண்கள் சாமிகளை எதிர்கொள்ளத் தட்டு எடுக்கப் போகிறார்கள். எல்லோரும் ஒரே நிற ஜாக்கெட்டில், அதுவும் தாங்களே வெட்டித் தைத்த ஜாக்கெட்டில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். என்னிடம் கேட்டார்கள். எனக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. இருபத்திரண்டு பேர்! ஊர் மண்டபத்தில் டிவியில் என் லைவைப் போட்டு, பாய் விரித்து உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எல்லோரும் ஒன்றாக வெட்டப் போகிறார்கள். இது நல்லபடி நடந்தால் நான் டீச்சர். கெட்டுப்போனால் இருபத்திரண்டு பேர் திருவிழாத் துணியைக் கெடுத்தவள். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியுமா?

துணி அக்கா கடையிலிருந்துதான் வந்தது. கத்தரிப்பூ நிறம், ஒரு முனையில் மட்டும் ஜரிகை. விற்றுத் தீர்ந்து மிஞ்சியிருந்த இருபத்து மூன்று துண்டுகள். இருபத்திரண்டு பேருக்குப் போக மிச்சம் ஒன்றை, தானும் அன்றைக்குக் கூட வரப்போவதாக அக்கா எடுத்துக்கொண்டார். அந்த ஜரிகை ஒரு கைக்குத்தான் வரும். எந்தக் கைக்கு வைப்பது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. இடது கையை முந்தானை மூடிவிடும். வெளியே தெரிவது வலது கைதான்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். ஜாக்கெட்டின் கையை வெட்டும்போது, மேல் வளைவில் முன்பக்கம் வரும் இடத்தை அரை அங்குலம் கூடுதலாகக் குடைய வேண்டும். பின்பக்கம் குடையக் கூடாது. அந்தக் குடைவு விழுகிற பக்கத்தை வைத்துத்தான் அது வலது கையா இடது கையா என்று ஆகிறது. சாதாரணமாக இரண்டு கையையும் சேர்த்து மடித்து ஒரே வெட்டாக வெட்டிவிடுவோம், குழப்பம் வராது. இந்தத் துணியில் ஜரிகைக் கையைத் தனியாக வெட்டியாக வேண்டும். குடைவு பக்கம் மாறினால் ஜரிகை இடது கைக்குப் போய் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். திருப்பிப் போடலாமென்றால் ஜரிகையின் உள்பக்கம் வெளியே வந்துவிடும். முதல் நாள் வகுப்பில் காகிதத்தில் வரைந்து இதைத் தெளிவாகக் காட்டியிருந்தேன். குடைவு வலது பக்கம் என்று நாலு முறை சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குத் துணி வெட்டுகிற வகுப்பு. அக்கா கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு ஊர் மண்டபத்துக்குப் போய், வழக்கம்போல் கடைசியில் நின்றுகொண்டார். நான் இங்கே ஸ்டுடியோவில். லைவ் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. அதுவரை போனின் பின்பக்கக் கேமராவில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது திரை விட்டத்தைப் பார்த்து இருக்கும், யார் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, வகுப்பு முடிந்துதான் படிப்பேன். போனைத் திருப்பி மாட்டி முன்பக்கக் கேமராவில் எடுத்தால், அண்ணாந்து பார்த்தாலே எல்லாம் தெரியுமே! திருப்பி மாட்டினேன். அக்காவிடம் சொல்லத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. இந்த ஒன்றை நானே செய்து காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு.

அண்ணாந்து பார்த்தேன். திரையில் அளவு நாடாவின் எண்களெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித் தெரிந்தன. வலது இடதாகவும் இடது வலதாகவும் இருந்தது. அடடா, அந்த இருபத்திரண்டு பேருக்கும் இப்படித்தானே தெரியும் என்று நினைத்தேன். நல்லவேளை கண்டுபிடித்தோம் என்று என்னையே மெச்சிக்கொண்டு, கையின் குடைவை இடது பக்கம் போட்டேன். இப்போது திரையில் வலது பக்கம் சரியாகத் தெரிந்தது. என் புத்திசாலித்தனத்துக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம்.

எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அப்படித் திரும்பித் தெரிவது எடுக்கிற ஆளுக்கு மட்டும்தான். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நேராகவே போகும். நான் சரி செய்ததாக நினைத்துக் கெடுத்தது அவர்களுக்கு அப்படியே போய்க்கொண்டிருந்தது.

“இதோ இந்தப் பக்கம் அரை இஞ்ச் உள்ள வாங்கிக் கோடு போடுங்க” என்று சொல்லி, கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டினேன். கத்திரியை எடுத்தேன். அப்போது திரையில் அக்காவின் பெயரில் ஒரு வரி வந்து விழுந்தது.

“டெய்லரம்மா கை மாறிப் போச்சு.”

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கத்திரி என் வலது கையில் இருந்தது, திரையிலோ இடது கையில் தெரிந்தது. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஜாக்கெட்டின் கையும் கை, மனுஷி கையும் கை. நாள் முழுக்க ஜாக்கெட் கையை வெட்டுகிற எனக்கு அந்த நேரம் பார்த்து என் சொந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

“மைக் அக்கா பயப்படறாங்க, கை மாறிப் போச்சாம்” என்று லைவிலேயே சிரித்தேன். “இல்லக்கா, நான் சோத்துக்கையிலதான் கத்திரி புடிச்சிருக்கேன். கேமராவுல அப்படித்தான் தெரியும். எல்லாரும் கத்திரிய எடுங்க. வெட்டலாம்.”

மறுபடியும் அதே வரி வந்தது. மறுபடியும் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது என்று நான் பாட்டுக்கு வெட்டி முடித்து, இரண்டு கையையும் தூக்கி வணக்கம் சொல்லி, லைவை அணைத்தேன். போனைக் கழற்றிப் பார்த்தால் அக்காவிடமிருந்து பதினேழு தவறிய அழைப்பு. மேஜை மேல் கிடந்த ஜரிகைக் கையை எடுத்து, சும்மா, என் வலது கையில் சுற்றிப் பார்த்தேன். குடைவு பின்னால் போய் நின்றது.

கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் ஒரு ஸ்பாஞ்சுத் தகட்டை எடுத்து எனக்கு விசிறினார். ஆறு மணிக்கு அக்கா வந்தார். வாசலிலேயே, தெருவுக்கே கேட்கிற குரலில், “அழுவாத, அழுவாத, இருவத்திரெண்டும் சரியா வந்துடுச்சி” என்றார்.

“எப்படிக்கா? நான்தான் தப்பா...”

“நேத்து நீ காயிதத்துல போட்டது அந்தப் பக்கம், இன்னிக்கிப் போடறது இந்தப் பக்கம். இன்னாடா இதுன்னு பாத்தேன். எழுதனேன், நீ சிரிக்கற. கூப்ட்டேன், எடுக்கல. வைங்கடி கத்திரிய கீழன்னு ஒரு சத்தம் போட்டேன். ஒரு பேப்பர வெட்டிக் கையில சுத்திப் பாத்தேன், பின்னாடி போவுது. அவ்ளோதான், நேராப் போயி டிவிய மறைச்சிகினு நின்னுட்டேன். அவ காட்டறதுக்கு எதிர்ப் பக்கம் போடுங்கடின்னேன். போட்டாளுங்க.”

எப்போதும் கடைசியில் நிற்கிற ஆள், முதல் முறையாக எல்லோருக்கும் முன்னால் போய் நின்றிருக்கிறார். ஊசி பிடிக்கத் தெரியாதவர், என் முதுகுக்குப் பின்னால், இல்லை, என் முகத்துக்கு முன்னால் நின்று, என் பாடத்தை வரிக்கு வரி திருப்பிப் போட்டு இருபத்திரண்டு பேருக்கு நடத்தியிருக்கிறார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

“என்னை நாலு வார்த்தை திட்டுங்கக்கா” என்றேன்.

“திட்டறதுக்கு எனுக்கு இன்னா, டீயைப் போடு மொதல்ல” என்றார்.

உங்கள் துண்டைக் கொடுங்கள், நான் தைத்துத் தருகிறேன் என்று கேட்டேன். ஊரிலேயே ஒருத்தி தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து நாலைந்து வருஷம் ஆகிறது. அவர் கடை காரைக்காலில் கிளை திறந்தபோது குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். போனில் பேசுகிறோம், முன்னைப்போல் அடிக்கடி இல்லை. நான் இப்போது இரண்டு போன் வைத்து வகுப்பு எடுக்கிறேன். ஊர் ஊராகப் பெண்கள் பார்க்கிறார்கள். அந்த மாசி மகத்தன்று கடற்கரையில் பார்த்ததை மட்டும் நான் இதுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் காலையிலேயே வைத்திக்குப்பத்துக்குப் போய்விட்டோம். வெயில், மேளம், ஜனக்கூட்டம், மல்லிகை வாசனை, மணலில் கால் வைக்க இடமில்லை. தூரத்தில் அந்தக் கத்தரிப்பூ நிறம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. இருபத்திரண்டு வலது கையிலும் ஜரிகை மின்னியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது நான் சொல்லிக் கொடுத்த வெட்டு! ஓடிப்போய் ஒவ்வொருத்தியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கைகூட இழுக்கவில்லை, ஒரு தோள்கூடத் தொங்கவில்லை. அவர்களும் கூச்சலிட்டுக்கொண்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கடைசியாக மைக் அக்கா வந்தார். அவரிடம் ஏதோ கோணலாகத் தெரிந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. புடவையையே திருப்பிக் கட்டியிருந்தார். முந்தானை வலது தோளில் கிடந்தது. ஜரிகை இடது கையில் இருந்தது.

“இன்னாக்கா இது?” என்றேன்.

“ஃபேஷன்” என்றார்.

பக்கத்தில் தட்டுடன் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். புதிதாகக் கல்யாணமானவள். “நான்தான் டீச்சர்” என்றாள் மெதுவாக. “நீங்க சொன்ன ஒடனே நான் வெட்டிட்டேன். அக்கா கத்தறதுக்குள்ள வெட்டிட்டேன். என் துணியத்தான் கையில சுத்திப் பாத்தாங்க. நான் அழுதேன். அவங்க துண்ட எங்கிட்டக் குடுத்துட்டு, கெட்டுப்போனத அவங்க எடுத்துக்கினாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், போட்டோ, போட்டோ” என்று மற்றவர்கள் கத்தினார்கள். எல்லோரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், அக்காவை நடுவில் இழுத்து விட்டார்கள். நானும் படத்தில் இருக்க வேண்டும் என்று முன்பக்கக் கேமராவைப் போட்டுக் கையை நீட்டினேன். திரையில் எல்லாம் திரும்பித் தெரிந்தது. இருபத்திரண்டு பேருக்கும் முந்தானை தோள் மாறிக் கிடந்தது. அக்கா ஒருத்தருக்குத்தான் ஒழுங்காக இருந்தது.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். “ஏய், இங்கப் பாருங்கடி,” என்று அந்தக் கடற்கரைக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். “நான்தான்டி சரியாக் கட்டியிருக்கறேன். நீங்க எல்லாரும் தப்பு!”

சிரிப்பு வெடித்தது. நான் பட்டனை அழுத்தினேன். சேமித்த படத்தை எடுத்துப் பார்த்தால், அதில் எல்லாம் நேராகியிருந்தது. இருபத்திரண்டு பேரும் சரி. ஒரே ஒருத்தர்தான் தப்பு. அது நான் செய்த தப்பு. அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.